பொடக்காலிக்குப் போகும் வழி

(கோவையில் மருத்துவ மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேராசிரியப் பெருமக்களே, மாணவத் தம்பி தங்கைகளே, வணக்கம்.

பொடக்காலி என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். பத்துப் பதினைந்து கைகள்தாம் தெரிகின்றன. தஞ்சாவூரிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்தவர்களை விட்டுவிடலாம். கொங்கு நாட்டுப் பிள்ளைகளே விழிக்கிறீர்களே! வீட்டுக்குப் பின்னால் குளிக்க, பாத்திரம் கழுவ இருக்கிற இடம் அது. பழைய தோட்டத்து வீடுகளில் கழிப்பறையும் அந்தப் பக்கம்தான். கட்டில் கிடக்கும் ஆசாரத்திலிருந்து, அதாவது கூடத்திலிருந்து, இறங்கினால் இரண்டு படி, பாசி பிடித்த ஒரு கல். விளக்கின் சுவிட்ச் கதவுக்கு அந்தப்புறம். முதியோர் மருத்துவம் பற்றி நான் சொல்ல வந்ததில் பாதி அந்தப் பத்தடிக்குள் இருக்கிறது.

காங்கேயம் பக்கத்து ஆத்தா ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். 78 வயது. மகன் திருப்பூரில், மகள் வெளிநாட்டில்; தோட்டத்தில் அவரும் இரண்டு மாடுகளும். இரத்த அழுத்தம் கூடியிருந்ததால் அம்லோடிபின் எழுதிக் கொடுத்தேன். சில வாரங்களில் கால் இரண்டும் வீங்கின. அந்த மாத்திரைக்கு அது வழக்கம். ஆனால் ஆத்தா என்னிடம் வரவில்லை. சந்தைக்குப் போன ஊரில் வேறொரு மருத்துவரைப் பார்த்தார். அவர் வீக்கம் வடிய, நீர் பிரிவதற்கான மாத்திரை கொடுத்தார். இரவில் மூன்று முறை எழ வேண்டியதாயிற்று. தூக்கம் கெட்டுப்போகவே, மூன்றாவதாக ஓரிடத்தில் தூக்க மாத்திரை. ஒரு மார்கழி இரவு, தூக்க மயக்கத்தோடு எழுந்து போனவர் அந்தப் பாசிக் கல்லில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. விடிந்து பால் எடுக்க வந்தவர்தான் பார்த்திருக்கிறார்.

மூன்று சீட்டுகளையும் தனித்தனியே காட்டினால் எந்தத் தேர்விலும் மதிப்பெண் கிடைக்கும். மருந்து தந்த தொல்லையைப் புது நோய் என்று நினைத்து அதற்கொரு மருந்து, அந்த மருந்தின் தொல்லைக்கு இன்னொன்று. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைப் போட்டவன் நான். குறிப்பேட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? ‘வழுக்கி விழுந்தார்.’

நான் படித்த காலத்தில், எல்லா அறிகுறிகளையும் இழுத்துக் கட்டி ஒரே நோயில் முடிச்சுப் போடுகிறவனைத்தான் பேராசிரியர் தட்டிக்கொடுப்பார். 25 வயதுக்காரருக்கு அந்த முடிச்சு பெரும்பாலும் நிற்கும். 80 வயதில் நிற்காது. மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் மூச்சிரைப்பாகவோ சடவாகவோ வரும். சிறுநீர்த் தொற்று காய்ச்சல் காட்டாமல் புத்தித் தடுமாற்றமாக வரும்: நேற்றுவரை மாட்டுக்கு அளந்து தீவனம் வைத்தவர் இன்று பெற்ற மகனையே யார் என்று கேட்பார். வீட்டார், “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்பார்கள். அவர்கள் சொல்லலாம். நாம் சொன்னால், அத்தோடு பரிசோதனை நின்றுவிடும்.

சடவு என்றேன். இங்கே அசதிக்கு அதுதான் சொல். வெளிமாவட்டப் பயிற்சி மருத்துவர் ஒருவர் அதைச் சளி என்று காதில் வாங்கிக்கொண்டு இருமல் மருந்து எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேச்சு வழக்கும் பாடத்தில் சேர்ந்ததுதான். அப்படியே இன்னொன்று: மகனைப் பார்த்து, “அப்பாருக்கு என்ன செய்கிறது?” என்று கேட்காதீர்கள். அப்பாரு எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறார்? அவரையே கேளுங்கள், கேள்வியின் முடிவில் ஒரு ‘ங்க’ சேர்த்து.

1935-இல் லண்டனில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் 714 நோயாளிகள் ஒப்படைக்கப்பட்டார்கள். ஏழைகள் விடுதியோடு சேர்ந்த மருத்துவமனை அது. குணமாகாதவர்கள் என்று முடிவு கட்டி ஆண்டுக்கணக்கில் படுக்கையில் விடப்பட்டவர்கள் அவர்களில் பலர். அந்த அம்மையார் ஒவ்வொருவரையும் பரிசோதித்தார், பிரித்தார், எழுப்பி உட்கார வைத்தார், நடக்க வைத்தார். பலர் வீடு திரும்பினார்கள். நம் நாட்டில் 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனப் புறநோயாளிப் பிரிவு வந்தது; மருத்துவர் வி. எஸ். நடராஜன் பாடுபட்டு வளர்த்த துறை. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கென எம்.டி. பட்டமேற்படிப்பு வந்தது. 2024-இல் கிண்டியில் முதியோருக்கான தேசிய மையமே திறந்தாயிற்று. எல்லாம் சென்னையில். காங்கேயத்து ஆத்தா கிண்டிக்குப் போக மாட்டார். உங்களில் யாரிடமாவதுதான் வருவார். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2031-இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது அரசின் மதிப்பீடு. குழந்தை மருத்துவம் படிக்கப் போகிறவர் மட்டும் வேண்டுமானால் இப்போது எழுந்து போகலாம். அவருங்கூடக் குழந்தையைத் தூக்கிவரும் அம்மிச்சியை, அதாவது அம்மாவைப் பெற்றவரை, பார்த்துத்தான் ஆகவேண்டும்.

என் மாணவர்களுக்கு நான் வைக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. மூக்குக் கண்ணாடியில் வாஸ்லின் தடவிப் போட்டுக்கொள்ள வேண்டும். காதில் பஞ்சு, கைக்கு இரண்டு கையுறைகள், ஷூவுக்குள் ஒரு பிடி கொள்ளு. அப்படியே மாடிப்படி ஏறிவந்து, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, பாதியாக உடைத்துக் காட்ட வேண்டும். முதலில் சிரிப்பார்கள். ஒரு மாணவி அட்டையோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுப் பல்லால் கடித்துக் கிழித்தார். மாத்திரை தெறித்து மேசைக்கடியில் ஓடிவிட்டது. குனிந்து தேடினார், கிடைக்கவில்லை. நிமிர்ந்து, “சார், எங்கள் அம்மிச்சி மாத்திரை போடுவதில்லை என்று நான்தான் சண்டை போடுவேன்” என்றார். அன்றைய வகுப்பை அங்கேயே முடித்துவிட்டேன்.

இரண்டு சோதனைகளை இன்றே கற்றுக்கொள்ளுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேலானால் அவர் விழக்கூடியவர். அடுத்து, படுத்த நிலையில் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால், மாத்திரைகளை மறுபரிசீலனை செய்யுங்கள். ஆத்தாவுக்கு இவற்றில் ஒன்றையும் நான் செய்யவில்லை.

தேசிய மருத்துவ ஆணையம் உங்களுக்குக் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் வைத்திருக்கிறது; சில குடும்பங்களை நீங்கள் தொடர்ந்து போய்ப் பார்த்துவர வேண்டும். பெரும்பாலும் உயரம், எடை எழுதிப் பதிவேட்டை நிரப்பிக் கையெழுத்து வாங்குவதோடு முடிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குத் தெரியும். நீங்கள் தத்தெடுக்கும் வீடுகளில் ஒன்றாவது முதியவர் இருக்கும் வீடாக இருக்கட்டும். அவருடைய மஞ்சப்பையைத் திண்ணையில் கொட்டச் சொல்லுங்கள். காலாவதியானது, ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது, பக்கத்துத் தோட்டத்தார் கொடுத்தது எல்லாம் வந்து விழும். பிறகு இருட்டும் நேரத்தில் கட்டிலிலிருந்து பொடக்காலிவரை அவரோடு நடந்து பாருங்கள்.

(உரை முடிந்ததும் ஒரு மாணவர், “வரிசை வாசல்வரை நிற்கிற ஓ.பி.யில் இதற்கெல்லாம் நேரம் எங்கே, சார்?” என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில்:)

நேரமில்லை என்பது உண்மைதான் தம்பி. ஆனால் வாசலிலிருந்து உன் மேசைக்கு நோயாளி நடந்து வருகிறாரே, அந்த ஏழெட்டு விநாடி உனக்கு இருக்கிறது. தலையை நிமிர்த்திப் பார். சுவரைப் பிடிக்கிறாரா, செருப்பு இழுபடுகிறதா, உட்காரும்போது தொப்பென்று விழுகிறாரா? அந்த ஆத்தாவும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் என் அறைக்குள் வந்திருப்பார். நான் முந்தைய நோயாளிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.