கடல் ஏறும்போது தூண்டில், இறங்கும்போது பாறைக்குட்டை: முட்டத்தில் ஓர் இரவு

[காட்சி: முழு இருட்டு. அலைச் சத்தம் மட்டும். சிறு சலங்கை ஒன்று இரண்டு முறை ஒலித்து நிற்கிறது.]

இந்தச் சத்தத்துக்காகத்தான் நாங்கள் நான்கு பேர் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறோம். தூண்டில் கம்பின் நுனியில் கட்டிய சலங்கை அது. கரையிலிருந்து அறுபது எழுபது மீட்டர் தள்ளி, தண்ணீருக்கு அடியில், யாரோ எங்கள் இறாலைக் கடித்துப் பார்க்கிறார்கள். தூண்டில் நரம்பைச் சுற்றி இழுத்தால் இரை இல்லாமல் வெறும் தூண்டில் முள் வருகிறது. நண்டின் வேலை. அன்று இரவு முதல் ஒரு மணி நேரம் நண்டுகளுக்கு விருந்து வைத்ததுதான் மிச்சம்.

[காட்சி: மாலை வெளிச்சத்தில் முட்டம் கடற்கரை. ஒரு பக்கம் மணல், மறுபக்கம் கரும்பாறைகள், மேலே கலங்கரை விளக்கம்.]

இடம் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம். இங்கே மணற்கரையும் பாறைக்கரையும் அடுத்தடுத்து இருக்கின்றன. மணலில் நின்று தூண்டில் வீசலாம். கொஞ்சம் நடந்தால், கடல் இறங்கும்போது பாறை இடுக்குகளில் தேங்கி நிற்கும் குட்டைகளைப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே இரவில் செய்ய ஆசைப்படுபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, முதலில் பாறைக்குப் போவது. எது முதலில் என்று தீர்மானிப்பது கடலின் ஏற்ற வற்றம். நமக்கு அதில் பேச்சே கிடையாது.

[காட்சி: கைபேசித் திரையில் ஓத அட்டவணை, அதாவது கடலின் ஏற்ற வற்ற நேரங்கள். ஏறி இறங்கும் கோடு.]

ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றி முடிப்பதற்குள் சந்திரன் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். அமாவாசையையும் பௌர்ணமியையும் பழந்தமிழில் காருவா, வெள்ளுவா என்பார்கள். அந்த நாள்களை ஒட்டிச் சூரியனின் இழுப்பும் சந்திரனின் இழுப்பும் ஒன்று சேர்வதால் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். பாறைக்குட்டை பார்க்கப் போகிறவர் காலண்டரில் முதலில் தேட வேண்டியது இந்த உவா நாள்களைத்தான்.

இங்கே ஓர் ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். குஜராத்தின் பாவ்நகர் பக்கம் கடல் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். குமரிக் கரையில் அது ஒரு மீட்டரைத் தொடுவதே பெரிது. ஆகவே கிலோமீட்டர் கணக்கில் கடல் பின்வாங்கும் காட்சியை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பாறையில் நான்கைந்து காலடி அகலத்துக்கு ஒரு பட்டை வெளியே தெரியும். பார்க்க வேண்டியதெல்லாம் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது.

நாங்கள் போன அன்று நள்ளிரவு தாண்டி ஏற்றம், விடியும் நேரத்தில் வற்றம். முதலில் தூண்டில், பிறகு பாறை. வரிசை தானாகவே அமைந்துவிட்டது.

[காட்சி: பகல். மணல்மேட்டின் மீதிருந்து கடலைப் பார்க்கும் கோணம். அலைகள் உடையும் இடமும் உடையாத இடமும் அம்புக்குறியால் காட்டப்படுகின்றன.]

இரவில் தூண்டில் வீசுகிறவர் பகலிலேயே ஒரு முறை வந்து கடலைப் படிக்க வேண்டும். அலை எங்கே உடைகிறதோ அங்கே அடியில் மணல் திட்டு இருக்கிறது. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் கரையோடு ஒட்டி ஒரு பள்ளம் ஓடும். அலை கிளறிவிடும் புழுவும் சிறு நண்டும் அந்தப் பள்ளத்தில் சேரும். மீன் அதைத் தேடி ஏற்ற நீரோடு உள்ளே வரும். இரை விழ வேண்டிய இடம் அதுதான். முழு பலத்தையும் கூட்டித் திட்டைத் தாண்டி வீசுவது பார்க்கக் கம்பீரமாக இருக்கும், மீன் மட்டும் கிடைக்காது.

அதே வரிசையில் ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல் நீர் கறுத்துத் தெரிந்தால், திட்டில் அங்கே இடைவெளி இருக்கிறது. கரைக்கு வந்த நீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. தூண்டிலுக்கு அருமையான வாசல். ஆனால் அமைதியாக இருக்கிறதே என்று குளிக்க இறங்குகிறவரை அது உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

[காட்சி: மணலில் விரித்த தார்ப்பாய். அதன் மேல் கம்பு, தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு), ஈயக்குண்டுகள், ஒரு முனை சாய்வாக அறுக்கப்பட்ட பிளாஸ்டிக் குழாய்.]

கம்பு பத்திலிருந்து பன்னிரண்டு அடி. நீளம் தூரத்துக்காக மட்டும் இல்லை. உடையும் அலைக்கு மேலே தங்கூசியைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டும். ஈயக்குண்டு உருண்டையாக இருந்தால் அலை அதை உருட்டிக் கரைக்கே கொண்டுவந்துவிடும். பட்டையாகவோ கூம்பாகவோ இருந்தால் மணலில் ஊன்றி நிற்கும். இரைக்கு இறால், கணவாய்த் துண்டு, சாளை (மத்தி மீன்). சாளை மெத்தென்றிருப்பதால் வீசும் வேகத்தில் முள்ளிலிருந்து பிய்ந்து பறந்துவிடும். மெல்லிய நூலால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டால் நிற்கும்.

குழாயை மணலில் அறைந்து அதற்குள் கம்பைச் செருகிவிட்டால் கைக்கு ஓய்வு. நான் அதைத் தண்ணீருக்கு மிக அருகில் அறைந்துவிட்டு, பின்னால் உட்கார்ந்து புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஏற்றம் பாதிதான் ஆகியிருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். ஓர் அலை வந்து இரை வாளியையும் என் ஒற்றைச் செருப்பையும் கொண்டுபோனது. வாளி திரும்பி வந்தது.

இருட்டுவதற்கு முன்பே இரண்டு கிழங்கான்கள் கிடைத்திருந்தன. மணல் நிறத்தில், விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக. வலை வந்தால் மணலுக்குள் புதைந்து தப்பிக்கும் மீன் அது. வாய் சின்னது, முள்ளும் சின்னதாக வேண்டும். இரவு ஏறியதும் ஒரு பாரை மீன், அதன் பின் வரிசையாகக் கெளுத்திகள். கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் ரம்பம் போன்ற முட்கள் உண்டு, விஷமும் உண்டு. இருட்டில் வெறும் கையால் பிடிக்கவே கூடாது. குத்திவிட்டால், தோல் பொறுக்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை அரை மணி நேரமாவது அமிழ்த்தி வையுங்கள். அந்த விஷம் சூட்டில் சிதையும். முள் உள்ளே ஒடிந்திருந்தால் நேராக மருத்துவமனைதான். ஆகவே மீன்பிடிக்கப் போகிறவர் பிளாஸ்கில் காபியோடு வெந்நீரும் கொண்டுபோவது நல்லது.

[காட்சி: பாறை மீது வெண்ணுரையாகச் சிதறும் பெரிய அலை. ஒலி குறைகிறது.]

பாறைக்கு நடப்பதற்கு முன் ஒரு நிறுத்தம். இந்தக் கரையில் ஆபத்து ஏற்ற வற்றத்தால் வருவதில்லை, அலையால் வருகிறது. தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் புயல் வீசினால், அங்கே எழும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து இங்கே வந்து மோதும். நம் கரையில் காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. திருடனைப் போல் வருவதால் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று, கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தபோது, இதே மாவட்டத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. எச்சரிக்கை இருந்தால் எங்கள் திட்டம் ரத்து. வேறு பேச்சு இல்லை.

எச்சரிக்கை இல்லாத அன்றும், பாறையில் இறங்குவதற்கு முன் கால் மணி நேரம் நின்று அலைகளைப் பாருங்கள். பெரிய அலைகள் தனியாக வராது, கூட்டமாக வரும். நனைந்து பளபளக்கும் பாறை என்றால் அலை அங்கே சற்று முன் வந்து போயிருக்கிறது என்று பொருள்.

[காட்சி: விடியலுக்கு முன். சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் வெளிச்சத்தில் ஒரு பாறைக்குட்டை.]

டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றியது அழகுக்காக அல்ல. நண்டு, இறால் போன்ற பல உயிர்களுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாக உறைக்காது. ஓடாமல் நம் முன்னாலேயே மேயும். பகலில் வெறும் தண்ணீராகத் தெரியும் குட்டை இரவில் ஒரு சந்தை. வெயில் இல்லை, கொத்த வரும் கொக்கும் இல்லை. எல்லாரும் வெளியே வந்துவிடுகிறார்கள்.

வெளியே வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது அவ்வளவு இனிமையானது இல்லை. பகலில் குட்டையில் உள்ள பாசி ஒளிச்சேர்க்கை செய்து நீரில் ஆக்சிஜனை நிரப்பும். இரவில் அந்த வேலை நின்றுவிடும், மூச்சு விடுவது மட்டும் நிற்காது. பாசியும் நத்தையும் மீனும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருக்க, விடிவதற்குள் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்துவிடும். நாங்கள் பார்த்த குட்டையின் ஓரத்தில் சுண்டுவிரல் அளவு மீன் ஒன்று, உடம்பில் பாதியைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிப் பாறையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. செத்துவிட்டது என்று நண்பர் குனிந்தார். தாவி அடுத்த குட்டைக்குள் விழுந்தது. ஈரமான பாறையில் காற்றையே சுவாசித்துச் சமாளிக்கும் மீன்கள் இவற்றில் உண்டு.

கல்லைப் புரட்டிப் பார்த்தால், அதை இருந்தபடியே திரும்ப வைத்துவிடுங்கள். அடிப்பக்கம் வாழ்கிறவை வெயில் பட்டால் காய்ந்துவிடும். கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். அது இரவில் வேட்டையாடும் நத்தை. விஷம் தோய்ந்த ஊசி போன்ற பல்லை எய்யும். அவற்றில் சில வகைகள் மனிதரையே கொன்றிருக்கின்றன. கடல் அட்டையைக் கையில் எடுத்து வந்தால் வேறு வகை ஆபத்து: அது வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்பட்ட உயிர்.

[காட்சி: மிக அருகில், பாறையில் வெண்கூம்புகளாக ஒட்டியிருக்கும் கொட்டலசுகள்.]

எனக்கு அந்த இரவில் மிகவும் பிடித்தது, யாரும் திரும்பிப் பார்க்காத இந்தக் கொட்டலசுதான். பாதத்தைக் கிழிக்கும் சொரசொரப்பு என்றுதான் நமக்கு இதைத் தெரியும். நத்தை இனம் என்று நினைப்போம். உண்மையில் இது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. குஞ்சாக நீந்தித் திரிந்து, பிடித்த பாறையில் தலையைப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் தலைகீழ் வாசம். சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர், மேலே இறுகச் சாத்திய கதவு. வற்றத்தின்போது உள்ளே கொஞ்சம் ஈரத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

ஆறு மணி தாண்டிக் கடல் திரும்பத் தொடங்கியது. பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மேல் பாறைக்கு ஏறிவிட்டு, கேமராவை மட்டும் கீழே நோக்கிப் பிடித்தேன். மெல்லிய அலை ஒன்று அந்த வெண்கூம்புகளை மூடியது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இறகு போன்ற கால்கள் வெளியே வந்து, தண்ணீரை வாரி வாரி உள்ளே இழுத்தன.

[காட்சி: அதே சட்டகம், அசைவில்லாமல், முப்பது விநாடி. அலைச் சத்தம்.]