பினாங்கிலிருந்து வரும் போன் காரைக்குடி வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

[திரையில்: காரைக்குடி வீட்டு முகப்பு, திண்ணையில் அடிக்கும் போன், எண் +60 என்று தொடங்குகிறது]

எண்ணைப் பார்த்ததுமே ஆச்சி, "தம்பி, பினாங்குலேர்ந்து, எடு" என்று சொல்லிவிடுவார். 60 மலேசியா, 65 சிங்கப்பூர், 95 பர்மா, 94 இலங்கை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஊர்களின் எண்ணெல்லாம் செட்டிநாட்டில் பாதிப் பேருக்கு மனப்பாடம். சரி, இந்த எண்களைக் கொடுத்தது யார்? நாளைக்கே மலேசியா எங்களுக்கு 91தான் வேண்டும் என்று அடம்பிடித்தால்?

கொடுத்தது ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், சுருக்கமாக ஐடியூ. இன்றைக்கு ஐ.நா.வின் அமைப்பு, ஆனால் வயதில் ஐ.நா.வுக்கே மூத்தது: 1865 மே 17 அன்று பாரிஸில் 20 நாடுகள் கையெழுத்துப் போட்டுத் தொடங்கியது.

[திரையில்: பழைய தந்தி அலுவலகம், ஒரு மேசை, இரண்டு ஊழியர்கள்]

அதற்கு முன்னால் தந்தி எப்படிப் போனது என்று கேட்டால் சிரிப்பு வரும். பிரான்ஸ் எல்லையில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரே மேசையில் பிரெஞ்சு ஊழியர் ஒருவர், பக்கத்து ஜெர்மன் நாடான பாடனின் ஊழியர் ஒருவர். பாரிஸிலிருந்து வந்த செய்தியை முதலாமவர் தாளில் எழுதி மேசைக்கு அந்தப் பக்கம் நீட்டுவார், இவர் அதை ஜெர்மனில் மாற்றி, தன் கம்பியில் மறுபடி முதலிலிருந்து தட்டி அனுப்புவார். "தந்தி வந்திருக்கு" என்றாலே அழுகை தொடங்கிவிடும் நம்மூர் வீடுகளுக்கு இப்படிக் கைமாறி ஒரு சொல் பிசகி வந்திருந்தால் என்ன கதி, யோசித்துப் பாருங்கள். 1865 ஒப்பந்தம் மோர்ஸ் தந்திக் குறியீட்டைப் பொதுவாக்கியது, கணக்கை பிராங்க் நாணயத்தில் வைக்கச் சொன்னது. பிரிட்டிஷ் இந்தியா 1869லேயே உள்ளே வந்துவிட்டது.

போன் எண்களுக்கு உலகை மண்டலங்களாகப் பிரித்தது 1960களில். 6 என்று தொடங்கினால் தென்கிழக்கு ஆசியா, ஓசியானியா பக்கம். 9 என்றால் நம் பக்கம். நாட்டு எண்ணையும் சேர்த்து மொத்தம் 15 இலக்கத்துக்கு மேல் போகக்கூடாது. அவ்வளவுதான் விதி.

சிக்கல் பணத்தில்தான். பினாங்கில் பேசுபவரிடம் காசு வாங்குவது அங்குள்ள கம்பெனி, ஆனால் ஆச்சியின் போனை அடிக்க வைப்பது இங்குள்ள கம்பெனி, அதற்கும் பங்கு போக வேண்டுமே. ரங்கூனில் எழுதிய உண்டியலை, அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டை, காரைக்குடியில் மாற்றிக்கொண்டு, அப்புறம் வரவு செலவை நேர் செய்த மாதிரியேதான் இதுவும்: இரண்டு பக்கமும் நிமிடங்களை எண்ணி, மிச்சத்தை மட்டும் தீர்த்துக்கொள்வார்கள். அழைப்புகளை அதிகம் வாங்கும் நாட்டுக்கு இதில் நல்ல வருமானம், அதனால் விலையை இறக்க மனசே வராது. வெளிநாட்டு ட்ரங்க் கால் கொள்ளை விலைக்கு விற்றதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

ரேடியோ அலைக்கு எல்லையெல்லாம் தெரியாது. செட்டிநாட்டில் ஒரு தலைமுறையே சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்ததே, அந்த அலை விசா வாங்கியா வந்தது? அதே அலைவரிசையில் இன்னொரு நாடும் ஒலிபரப்பினால் இரண்டு பேருக்கும் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை உலக ரேடியோ மாநாடு கூட்டி, எந்த அலை எதற்கு என்று வாரக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறார்கள். 2023ல் துபாயில் நடந்தது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களின் இடத்துக்கும் ஜெனீவாவில்தான் பதிவு. இடம் பிடித்துவிட்டு ஏழு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை போய்விடும்.

ஐடியூவிடம் போலீஸ் கிடையாது. மீறினால் தன் சேவையும் கெடும் என்பதால்தான் நாடுகள் அடங்குகின்றன. அந்தப் பயம் இல்லாத இடத்தில் சண்டை வருகிறது. 2012ல் துபாயில் சர்வதேசத் தொலைத்தொடர்பு விதிகளைத் திருத்தக் கூடினார்கள். இணையமும் இதற்குள் வருமோ என்ற சந்தேகத்தில் கூட்டம் இரண்டாகப் பிளந்து, 89 நாடுகள் கையெழுத்துப் போட்டன, அமெரிக்காவும் பிரிட்டனும் மறுத்துவிட்டன.

ஏனென்றால் இணையத்தின் வீட்டுக்காரர்கள் வேறு. முகவரிப் பெயர்களைப் பார்ப்பது 1998ல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஐகேன். நெறிமுறைகளை எழுதுவது ஐஇடிஎஃப் என்னும் பொறியாளர் கூட்டம், அங்கே நாடுகளுக்கு ஓட்டே கிடையாது. இப்போது ஆச்சிக்கு வரும் வாட்ஸ்அப் அழைப்பில் +60 வெறும் அடையாளம்தான், நிமிடக் கணக்கும் இல்லை, பங்கும் இல்லை.

அடுத்த ரேடியோ மாநாடு 2027ல். செல்போன் கோபுரம் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோளிலிருந்து நேரே கைபேசிக்கு வரும் சேவைக்கு எந்த அலைவரிசை என்பது அங்கே பேச்சுக்கு வருகிறது. தொண்டியிலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு அது உடனே தேவைப்படும் விஷயம்.