மூத்தவளுக்கும் கோபம் வரும்: ‘பீசஸ் அண்ட் ரமோனா’

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்திலோ தாமான் என்கிற குடியிருப்பிலோ வளர்ந்த எந்த அக்காவைக் கேட்டாலும் ஒரு வசனம் மனப்பாடமாக இருக்கும்: “நீதானே பெரியவ, விட்டுக்கொடேன்!” அந்தப் பெரியவளின் மனசைச் சொல்லும் ஒரு சிறுவர் நாவலைத்தான் இன்று பார்க்கிறோம்.

[திரையில்: நூலின் அட்டை]

அமெரிக்க எழுத்தாளர் பெவர்லி கிளியரியின் இந்த நாவல் 1955-இல் வெளிவந்தது. போர்ட்லண்ட் நகரில் ஒரு வீடு. அக்கா பீசஸுக்கு ஒன்பது வயது, தங்கை ரமோனாவுக்கு நான்கு.

ரமோனா படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெட்டியிலிருந்து ஆப்பிளை எடுத்து எடுத்து, ஒரே ஒரு கடி கடித்துப் போடுகிறாள். கேட்டால், முதல் கடிதான் ருசியாம்! நூலகப் புத்தகத்தில் கிறுக்கி வைக்கிறாள். சேதமான புத்தகத்துக்குப் பணம் கட்டியதும் நூலகர் அந்தப் புத்தகத்தை ரமோனாவுக்குத் தராமல் அக்காவின் கையில் கொடுக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மூத்தவள் பக்கம் நிற்கவும் ஓர் ஆள் வந்துவிட்டார்!

[திரையில்: கேக் மாவு, முட்டை ஓடு]

அப்புறம் பீசஸின் பத்தாவது பிறந்தநாள். கேக் மாவில் முட்டைகளை ஓட்டோடு போடுகிறாள் ரமோனா. அம்மா மறுபடியும் மாவு கலந்து ஓவனில் வைத்தால், சூனியக்காரியை அடுப்பில் தள்ளும் கதையை நடித்துப் பார்க்க ரப்பர் பொம்மையை உள்ளே போட்டுவிடுகிறாள். இரண்டாவது கேக்கும் பாழ். சில நேரம் தங்கையைப் பிடிக்கவே இல்லை என்று பீசஸ் அழுதுகொண்டே சொல்லிவிடுகிறாள். அம்மா திட்டவில்லை. எந்நேரமும் எதற்குப் பிடிக்க வேண்டும் என்கிறார். அவரும் சித்தியும் சின்ன வயதில் போட்ட சண்டைகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பீசஸுக்கு அப்போதுதான் மூச்சு வருகிறது.

நம் தோட்டங்களில் பெற்றோர் விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போன காலத்தில், குழந்தையை ஆயாக்கொட்டகையில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், விட்டதும், தம்பிக்குப் பசியாறக் கொடுத்ததும் எத்தனையோ வீடுகளில் அக்காதான். அதைப் பெருமையாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அவளுக்கு எரிச்சல் வந்ததா என்று யார் கேட்டோம்?

[திரையில்: கருநீலப் பினஃபோரும் வெளிர்நீலப் பினஃபோரும்]

இன்று அக்காவின் மனசு படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டில், தெரிகிறது. தமிழ்ப்பள்ளிக்கு ஒன்றாகப் போன இருவரில் மூத்தவள் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். சீருடை வேறு, பாடங்கள் மலாய் மொழியில், தோழிகளும் புதுசு. பின்னாலேயே வரும் தங்கையின் முகத்துக்கு நேரே அறைக்கதவைச் சாத்துகிறாள். உடனே “இவளுக்குத் திமிர்” என்கிறோம். திமிர் இல்லை, அவள் வளர்கிறாள்.

கிளியரி இந்தக் குடும்பத்தை விடவில்லை. மொத்தம் எட்டு நூல்கள், கடைசி நூல் 1999-இல். அதில் பீசஸ் உயர்நிலைப்பள்ளியில் படிக்கிறாள். ரமோனாவுக்கும் ஒரு குட்டித் தங்கை இருக்கிறாள், ரமோனாவும் பத்து வயதைத் தொடுகிறாள். அக்கா ரமோனா!

ஆங்கிலம் எளிமைதான். சிரமமாக இருந்தால், அம்மாமார்களே, பிறந்தநாள் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுத் தமிழில் சொல்லுங்கள். சரி, அதோடு நீங்களும் உங்கள் அக்காவும் போட்ட சண்டை ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், மூத்தவள் பக்கத்தில் இருக்கும்போதே.