எட்டாம் நாள் மாத்திரை

அவையோருக்கு வணக்கம். சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். பேசப்போவது வயிற்றைப் பற்றி என்பதால் அதை மீற எனக்குத் துணிவில்லை.

1982, ஈஸ்டர் சமயம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு மருத்துவர்கள் இரைப்பைத் திசுவில் கண்ட ஒரு சுருள் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளில் எதுவும் முளைக்காவிட்டால் தட்டைத் தூக்கி எறிவது அங்கே வழக்கம். விடுமுறை என்பதால் அந்த முறை எறிய ஆளில்லை. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அது கிடக்கட்டும். இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் அந்தக் கிருமி, ஹெலிகோபாக்டர் பைலோரி, எவ்வளவு நிதானமானது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அதை ஒழிக்க நாங்கள் பதினான்கு நாள் மாத்திரை எழுதிக்கொடுக்கிறோம்.

“ஏழு நாள் சாப்பிட்டேன், வலி போய்விட்டது, இன்னும் ஏழு நாள் எதற்கு டாக்டர்?” என் அறையில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். சாதாரண நிமோனியாவுக்குப் பலருக்கு ஐந்து நாளே போதும் என்று நாங்களே நாட்களைக் குறைத்துக்கொண்டு வருகிறோம். பிறகு இரைப்பைக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

கிருமி குடியிருக்கும் இடம் அப்படி. இரைப்பைச் சுவரின் மேல் கோழை போன்ற ஒரு படலம் இருக்கிறது. அதற்குள் புகுந்துகொண்டு, யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை அது தணித்துக்கொள்கிறது. அமிலம் மிகும்போது பெருகுவதை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். நாங்கள் கொடுக்கும் ஆன்டிபயாடிக்குகளில் ஒன்றான அமாக்சிசிலின் என்ன செய்யும்? கிருமி தன் சுவரை எழுப்பும்போது அதைக் கெடுக்கும். கொத்து வேலையையே நிறுத்திவிட்டவனிடம் செங்கல்லைப் பிடுங்கி என்ன பயன்? அதனால்தான் கூடவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. நீங்கள் ‘கேஸ் மாத்திரை’ என்பீர்களே, அந்த வகை. உணவுக்கு அரை மணி முன்னால் சாப்பிட்டாலும் அதன் முழு வேகம் வர மூன்று நாள் வரை ஆகும். ஏழு நாள் சிகிச்சையில் பாதி, பந்தல் போடுவதிலேயே போய்விடுகிறது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். அமிலம் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு ஆன்டிபயாடிக் சேர்ந்த மூன்று மருந்துச் சிகிச்சையை ஏழு நாள் எடுத்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 73 பேருக்குக் கிருமி ஒழிந்தது. பதினான்கு நாள் எடுத்தவர்களில் 82 பேருக்கு. அந்த ஒன்பது பேரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் நாளைக் கூட்டினால் எல்லாம் தீரும் என்றும் சொல்ல மாட்டேன். அந்த மூன்றில் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமியிடம் அந்த மருந்தை எத்தனை நாள் கொடுத்தும் பெரிய பலனில்லை. சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் அந்த இன மருந்துகளை வாரி வழங்கியதன் விளைவு இது. (எங்கள் கைகளும் சுத்தமில்லை.) அதனால்தான் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலம் குறைக்கும் மாத்திரை என்ற நான்கு மருந்துச் சிகிச்சையை அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் சங்கம் 2024இல் முன்னிறுத்தியது. அதுவும் பதினான்கு நாள்தான்.

இரண்டாம் வாரம் கடினமானது, ஒப்புக்கொள்கிறேன். வாயெல்லாம் இரும்பை நக்கியது போல் இருக்கும், வயிறு கலங்கும். வலி நின்றதோ பெரும்பாலும் அமிலம் குறைந்ததால். கிருமி போனதா என்பதற்கு அது சாட்சியாகாது. ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமாவது கழித்து மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் அமிலம் குறைக்கும் மாத்திரையும் கூடாது. அது கிருமியை அடக்கி வைத்து, இருக்கும்போதே இல்லை என்று காட்டிவிடும்.

ஒரு சீட்டு வந்திருக்கிறது. “மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறது, நிறுத்தலாமா?” பிஸ்மத் இருந்தால் கறுக்கும், நாக்கும் கறுக்கலாம், அதற்காக நிறுத்த வேண்டாம். தார் போலப் பிசுபிசுத்துத் துர்நாற்றமும் தலைச்சுற்றலும் சேர்ந்தால் அது ரத்தக் கசிவாக இருக்கலாம். சீட்டு எழுதியவர் அப்படியானால் கூட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே எழுந்து வரலாம்.