இலைவிரல் பல்லி: விரலை மட்டும் நம்பினா என்ன ஆகும்?

இலைவிரல் பல்லியோட விரல் நுனியை மட்டும் பாருங்க. ஜோடியா ரெண்டு தட்டையான தகடு, நடுவுல பள்ளம், பள்ளத்துக்குள்ள நகம். விரலோட மீதி ஒல்லி. வீட்டுப் பல்லிக்கு இப்படி இருக்காது, விரலடியில பட்டை பட்டையா வரிசை ஓடும்.

விலங்கியலாளர் கிரே 1828-ல இந்த இலை வடிவத்தை வச்சுதான் ஃபைலோடாக்டைலஸ்னு பேரினம் வகுத்தார். கிரேக்கத்துல 'இலை விரல்'. அப்புறம் இந்த மாதிரி விரல் எந்தக் கண்டத்துல சிக்கினாலும் அதுக்குள்ளயே போட்டுட்டாங்க. கோளாறு அங்கதான். இலை விரல் பல பரம்பரைகள்ல தனித்தனியா வந்த அமைப்பு. அது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது.

1973-ல டிக்சன், ஆண்டர்சன்னு ரெண்டு ஆய்வாளர்கள் தென்மேற்கு ஆசியப் பல்லிகளை இதுல இருந்து பிரிச்சாங்க. அதுங்களுக்குக் கழிவுப்புழைப் பை (வாலடியில கழிவுத் துளைக்குப் பின்னால இருக்கிற சின்னப் பை) இல்ல, அதை ஒட்டின எலும்பும் இல்ல. பேரு அசாக்கஸ், அதாவது பையில்லாதது. 1997-ல பாவர், குட், பிராஞ்ச் மூணு பேரும் ஒரே கட்டுரையில ஆஃப்ரோகெக்கோ, கிரிப்டாக்டைட்டிஸ், காகியா, ஹீமோட்ராகன், டிக்சோனியஸ்னு அஞ்சு புதுப் பேரினம் கொண்டுவந்தாங்க. கடைசிப் பேரு அதே டிக்சனுக்குத்தான். இப்போ ஃபைலோடாக்டைலஸ் அமெரிக்கக் கண்டங்களுக்கும் கலபாகஸ் மாதிரி சுத்துத் தீவுகளுக்கும் மட்டும்தான்.

2008-ல கேம்பிள் குழு ஃபைலோடாக்டைலிடே குடும்பத்தைப் பிரிச்சப்போ காட்டின அடையாளம் விரலே இல்ல: ஃபாஸ்டூசின் மரபணுவுல ஒரு கோடான், மூணே எழுத்து, விட்டுப்போயிருக்கு. அதனால இலை விரலே இல்லாத டாரென்டோலாங்கிற பேரினம் இந்தக் குடும்பத்துக்குள்ள இருக்கு. அச்சு அசலா இலை விரல் வச்ச ஐரோப்பிய யூலெப்டிஸ் பேரினம் ஸ்ஃபீரோடாக்டைலிடேங்கிற வேற குடும்பத்துல இருக்கு. எனக்குப் பிடிச்ச முரண் இதுதான்.

நீங்க பார்க்கணும்னா, பல்லியைத் துடைச்ச கண்ணாடிப் பெட்டிக்குள்ள விடுங்க. சுவர்ல ஏறினதும் மறுபக்கத்துல இருந்து, பக்கவாட்டு வெளிச்சத்துல, பின்னங்கால் நாலாவது விரலைப் படம் எடுங்க. நேரா ஃபிளாஷ் அடிச்சா கண்ணாடி மின்னி நடுப்பள்ளம் மறைஞ்சு, ரெண்டு தகடு ஒண்ணாத் தெரியும். வாலைப் பிடிக்காதீங்க, கழண்டுடும். திரும்ப வளர்ந்த வாலோட செதிலை வச்சு இனம் சொன்னாலும் தப்பாகும், பழைய அமைப்பு அப்படியே வராது. காய்ஞ்சு சுருங்கின செத்த பல்லியில தகடு சுருண்டிருக்கும், அகலத்தை அளக்காதீங்க. எந்த இடத்துல பிடிச்சதுன்னு குறிப்பு இல்லாத படத்துக்கு, 'இலை விரல்'னு எழுதி நிறுத்திக்குங்க. பேரினம் எழுத வேண்டாம்.