வாசலில் நிற்கும் தலைமையாசிரியர்

நடுவர் அவர்களே, மும்பையின் தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் வந்திருக்கும் பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம். பெற்றோரோடும் ஆசிரியரோடும் தலைமையாசிரியருக்கு உறவு வளர்வது கூட்டத்திலா, வாசலிலா? வாசலில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சட்டத்தைக் காட்டினார். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நல்ல சட்டம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழுவில் உட்காரும் ஒரு தாய் என்ன செய்கிறார்? காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். தலைமையாசிரியரோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியிராதவர், அத்தனை பேர் நடுவில் எழுந்து 'கழிப்பறையில தண்ணி வரல சார்' என்று எப்படிச் சொல்வார்?

வாசலில் நிற்பது என்றால் காலை மணிக்கு முன் 15 நிமிடம், கையில் போன் இல்லாமல். தாமதமாக வருகிற பிள்ளையைப் பிடிப்பதற்காக நிற்கக் கூடாது. அப்படி நின்றால் பெற்றோர் தெருமுனையிலேயே பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். பார்க்க வேண்டியவரையே பார்க்க முடியாது.

அடுத்தது, வீட்டுக்குப் போகும் போன் அழைப்பு. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே 'எம் புள்ள என்ன செஞ்சான்?' என்று வீட்டில் பதறுகிறார்கள். புகாருக்கு மட்டுமே நாம் கூப்பிட்டுப் பழக்கியதன் பலன் அது. ஆண்டின் முதல் அழைப்பு நல்ல செய்தியாக இருக்க வேண்டும். 'உங்க பையன் நல்ல பையன்' என்பது செய்தி ஆகாது. 'கழித்தலில் கடன் வாங்குறது இன்னைக்கு அவனுக்குத் தானாவே பிடிபட்டுருச்சு' என்பதுதான் செய்தி. அதை வகுப்பாசிரியர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தர, தலைமையாசிரியர் அழைத்துச் சொல்ல வேண்டும்.

நேரம் எங்கே என்றார்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை சட்டம் சொல்லும் வேலை நாள் 200. நாளுக்கு 2 அழைப்பு, அழைப்புக்கு 3 நிமிடம். ஆண்டு முடிவதற்குள் 400 வீடு!

கூட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா. கூட்டத்துக்கு ஆள் வருவதே வாசலால்தான். தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் வீட்டில் விடியுமுன்னே அடுப்பு எரிகிறது. சைக்கிளில் இட்லி கொண்டு போனவர் காலை 10 மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? வராதவரை 'அக்கறை இல்லாதவர்' என்று முடிவுகட்டிவிடுகிறோம். அது பெரிய அநியாயம். எந்த நேரம் தோதுப்படும் என்று வாசலில் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார். மாநகராட்சியின் மராத்திச் சுற்றறிக்கையை அப்படியே ஒட்டாமல், நாலு வரி தமிழில் எழுதி, வாயாலும் சொன்னால் போய்ச் சேரும்.

ஆசிரியருக்கும் இதே வழிதான். வகுப்பறை வாசலில் குறிப்பேடு இல்லாமல் 10 நிமிடம். கண்ட ஒரு நல்லதை அன்று மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். குறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்த ஆசிரியர் மறுபடி வாய் திறக்க மாட்டார்.

சிக்கல் முற்றுவது புகார் வரும்போது. பெற்றோர் எதிரில் ஆசிரியரைத் திட்டினால் ஆசிரியர் போனார். கேட்காமலே ஆசிரியருக்கு வக்காலத்து வாங்கினால் பெற்றோர் போனார். முழுதும் கேட்டு, அவர் எதிரிலேயே எழுதி, தீர்ப்பு எதுவும் சொல்லாமல் அனுப்ப வேண்டும். அன்றே ஆசிரியரிடம் தனியாகப் பேச வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டாலும் மறுநாள் பெற்றோரைக் கூப்பிட்டு, எதுவரை வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசி அழைப்புதான். அது வராதபோதுதான் அவர் வார்டு அலுவலகத்துக்குப் போகிறார்.

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளரிடம் ஒரே கேள்வி. திங்கட்கிழமை ஒரு தாய்க்கு மனக்குறை. அடுத்த கூட்டம் மாதக் கடைசியில். அதுவரை அந்தக் குறையை யாரிடம் சொல்லச் சொல்கிறீர்கள்?