குதிரைக்குச் சட்டை எதற்கு?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன தை மாதத்தில் ஒரு நாள், காலை ஆறரை மணி. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். முந்தின இரவு நல்ல உறைபனி. ஜிம்கானா பக்கம் புல்தரை முழுக்க உப்பைத் தூவிவிட்டாற்போல் வெளுத்துக் கிடந்தது. குதிரைகள் நிற்கிற இடத்தில் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். நானும் எட்டிப் பார்த்தேன்.

குதிரை ஓட்டுகிற ஒரு தம்பி, ஆன்லைனில் வரவழைத்த உடுப்பு ஒன்றைத் தன் மட்டக்குதிரைக்கு மாட்டிவிட்டிருந்தார். காதில் தொடங்கி வால் வரைக்கும் ஒரே துணி. கழுத்துக்கு ஜிப். நாலு காலுக்கும் தனித்தனி உறை. கண்ணுக்கு மட்டும் இரண்டு வட்ட ஓட்டை. உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற நீலத் துணி. குதிரையின் பெயர் ராணி. எட்டு வயதுப் பெண்குதிரை, எனக்கும் தெரிந்த குதிரைதான்.

"சார், வெளிநாட்டுல எல்லாக் குதிரைக்கும் இப்படித்தான் போடுறாங்களாம். இவங்க எல்லாம் சிரிக்கிறாங்க. நீங்க சொல்லுங்க, இது குளிருக்கு நல்லதா இல்லையா?" என்று கேட்டார்.

நான் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் இந்தப் பழனி மலையில்தான் கழிந்தது. அன்றைக்கு அந்தத் தம்பிக்கு நின்றவாக்கில் கொஞ்சம்தான் சொல்ல முடிந்தது. மீதியை இன்றைக்கு உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். குதிரை வளர்ப்பவர்கள் மட்டுமல்ல, ஏரிக்கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிவிடுகிற பெற்றோரும் கேட்க வேண்டிய விஷயம் இது.

முதலில் ராணியைப் பார்த்தேன். பின்னங்காலை அவள் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், தண்ணீரில் கால் வைத்த பூனை உதறுமே, அந்த மாதிரி. காது இரண்டும் துணிக்குள் அமுங்கிக் கிடந்தன. கையை உள்ளே விட்டுத் தோள்பட்டையைத் தொட்டேன். ரோமம் தோலோடு படிந்திருந்தது.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. குளிர் வந்தால் குதிரையின் ரோமம் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். நமக்கு மயிர்க்கூச்செறிகிறதே, அதேதான். எழுந்து நிற்கிற ரோமத்துக்கு இடையில் காற்று அடைபடும். அந்தக் காற்றுதான் குதிரையின் கம்பளி. மெல்லிய துணியை இறுக்கிப் போட்டால் ரோமம் படுத்துவிடும். இருந்த கம்பளியைப் பிடுங்கிக்கொண்டு அதைவிட மெல்லிய ஒன்றைக் கொடுத்த கதைதான்.

குதிரையின் உடம்புச் சூடு ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸ். மிதமான தட்பவெப்பத்தில் வளர்ந்த குதிரை, வெளியே 5 டிகிரியிலிருந்து 25 டிகிரி வரைக்கும் அந்தச் சூட்டைக் காப்பாற்றத் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை. நமக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் தேவைப்படுகிற குளிர், வயிறு நிறைந்து உடம்பு காய்ந்திருக்கிற குதிரைக்குச் சுகமான குளிர். நாம் நடுங்குவதால் அதுவும் நடுங்கும் என்று நினைக்கிறோம். பாசத்தில் வருகிற நினைப்புதான். ஆனால் கணக்கு தப்பு.

அப்படியானால் வெளிநாட்டில் ஏன் போடுகிறார்கள்? அங்கே பனிக்காலம் நெருங்கும்போது பகல் வேகமாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கண் வழியாக உணர்ந்துதான் குதிரையின் உடம்பு அடர்த்தியான ரோமத்தை வளர்க்கிறது. அந்த ரோமத்தோடு வேலை செய்தால் வியர்வை காய மணிக்கணக்காகும். அதனால் வேலைக்குப் போகிற குதிரையின் ரோமத்தை மிஷின் வைத்துக் கத்தரித்துவிடுவார்கள். கத்தரித்த பிறகு போர்த்தித்தான் ஆக வேண்டும். நாம் படத்தில் பார்க்கிற போர்வைக் குதிரைகளில் பலவற்றின் கதை இதுதான். கண்காட்சிக்குப் போகிற குதிரைக்கு, பின்னிய பிடரியும் தேய்த்த உடம்பும் அழுக்காகாமல் இருக்க, ராணிக்குப் போட்ட மாதிரி ஒட்டுத்துணியை முந்தின இரவு மாட்டுவதும் உண்டு. அது சுத்தத்துக்குப் போடுவது. குளிருக்கு அல்ல.

நம் மலையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுத்தான் கூடுதல். அந்த நாட்டு அளவுக்கு இங்கே ரோமம் அடர்வதில்லை, கத்தரிக்கவும் வேண்டியதில்லை.

சரி, நம் குதிரைக்கு எதிரி யார்? ஈரம். ஈரத்தோடு சேர்ந்த காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள் முழுக்க நனைந்த குதிரையின் ரோமம் எழுந்து நிற்காது, காற்றையும் பிடிக்காது. அப்போது 12 டிகிரியில்கூட நடுங்கும். வயதான குதிரை, குட்டி, இளைத்த குதிரை, காய்ச்சலில் இருந்து எழுந்த குதிரை இவற்றுக்கு இன்னும் சீக்கிரம் நடுக்கம் வரும். இந்த நேரத்தில் போர்வை மருந்து. நான் அதை மறுக்கவே இல்லை.

ஆனால் எந்தப் போர்வை? இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு கார்த்திகை இரவு எனக்கு மறக்காது. கதவைத் தட்டி எழுப்பிக் கூட்டிப் போனார்கள். ஒரு குதிரைக்கு மழைக்காக நீலத் தார்ப்பாயைப் போர்த்தி, நைலான் கயிற்றால் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். காற்றில் தார்ப்பாய் படபடத்துச் சரிந்து வயிற்றுக்குக் கீழே போய்விட்டது. பின்னங்கால் கயிற்றுக்குள் மாட்டிக்கொண்டது. குதிரை, வேட்டையாடுகிற மிருகத்துக்குப் பயந்தே பழகிய இனம். வயிற்றுக்குக் கீழே ஏதோ பிடித்து இழுத்தால் நின்று யோசிக்காது, ஓடும். முளையைப் பிடுங்கிக்கொண்டு தார் ரோட்டில் இறங்கி ஓடியிருக்கிறது. நான் போனபோது கணுக்காலில் கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் தையல் போட்டேன். ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை. அந்தக் குடும்பத்துக்கு ஆறு வாரம் வருமானமும் இல்லை.

அன்றைக்கு இன்னொன்றையும் கவனித்தேன். தார்ப்பாய் மூடியிருந்த முதுகு காய்ந்திருக்க வேண்டும், இல்லையா? சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தொட்டால் வெந்நீர்த் துணியைத் தொட்ட மாதிரி ஆவி. மழை உள்ளே போகவில்லை, வியர்வை வெளியே போகவில்லை. குதிரை நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்கிற பிராணி. அதன் வியர்வையில் லாதரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள ரோமத்தின் மேல் வியர்வை பரவி ஆவியாக அதுதான் உதவுகிறது. சேணத்து வார் உரசுகிற இடத்தில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகத் தெரியுமே, அது இதனால்தான். இப்படிச் சூட்டை இறக்குகிற உடம்பைக் காற்றுப் புகாத துணியால் மூடினால் வெயிலில் மயக்கம்வரை போகலாம். மழையில் தோல் ஊறிப் புண் வரும்.

நம் வீட்டிலேயே இருக்கிற பொருளை வைத்து ஒரு பழைய முறை இருக்கிறது. நனைந்த குதிரையை முதலில் சாக்கால் அழுந்தத் துடையுங்கள். முதுகு நெடுக, ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த வைக்கோலைப் பரப்புங்கள். அதன் மேல் காய்ந்த கோணிச் சாக்கைப் போட்டு, மார்பிலும் வயிற்றிலும் அகலமான துணிப் பட்டையால் இறுக்காமல் கட்டுங்கள். வைக்கோல் இடைவெளி விட்டு நிற்கும், ஈரம் மேலே ஏறிச் சாக்குக்குப் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சாக்கு ஈரமாக இருக்கும், குதிரை காய்ந்திருக்கும். அப்புறம் எடுத்துவிடுங்கள். கம்பளி கிடைத்தால் இன்னும் நல்லது. ஈரத்தை உறிஞ்சிய பிறகும் கம்பளி சூட்டை விடாது. மன்னவனூரில் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி மையம் இருக்கிற மலை நம் மலை. கம்பளியின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். ஒரு குதிரையின் துணியை இன்னொரு குதிரைக்குப் போடாதீர்கள். படர்தாமரை அப்படித்தான் கொட்டில் முழுக்கப் பரவுகிறது.

துணியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தீவனத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். குதிரைக்கு அடுப்பு வயிற்றுக்குள் இருக்கிறது. புல்லும் வைக்கோலும் பின்குடலில் நொதிக்கும்போது இரவு முழுக்கச் சூடு கிளம்பும். 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 கிலோ காய்ந்த புல் வேண்டும். கொள்ளும் தவிடும் வேலைக்குப் பலம் தரும், ஆனால் ராத்திரிக் குளிருக்குப் புல்தான். சீசன் முடிந்து சவாரி இல்லாத நாட்களில் வெறும் முளையில் இரவெல்லாம் நிற்கிற குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. உடுப்புக்குச் செலவழிக்கிற பணம் கையில் இருந்தால் முதலில் வைக்கோல் வாங்குங்கள். அடுத்து, காற்று அடிக்கிற பக்கம் ஒரு தகரத் தட்டியாவது நிறுத்துங்கள்.

குதிரைக்குப் போர்வை வேண்டுமா வேண்டாமா என்று குதிரையையே கேட்டிருக்கிறார்கள், தெரியுமா? நார்வேயில் ஆராய்ச்சியாளர்கள் 23 குதிரைகளுக்குப் பலகைகளை அடையாளம் காணப் பழக்கினார்கள். படுக்கைக் கோடு போட்ட பலகையை மூக்கால் தொட்டால் போர்வையைப் போடுவார்கள். நெட்டுக் கோடு என்றால் எடுப்பார்கள். வெறும் பலகை என்றால் இருக்கிறபடி விடுவார்கள். பழக்கும்போது பரிசாகக் கொடுத்தது கேரட் துண்டு. இரண்டே வாரத்தில் அத்தனை குதிரையும் கற்றுக்கொண்டன. இது 2016இல் வெளிவந்தது. மழையும் காற்றும் குளிருமான நாளில் அவை போர்வை கேட்டன. வெயில் அடித்த நாளில் எடுக்கச் சொன்னன. படித்த அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருடமாக நடுக்கத்தையும் காதையும் பார்த்து நாங்கள் ஊகித்ததை அவை தாங்களே சொல்லிவிட்டன. கேரட்டுக்கு நம் ஊரில் பஞ்சமா? யாராவது ஒரு இளைஞர் இங்கேயும் முயன்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது, ராணியின் உடுப்பைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பு முழுக்க மூடுகிற உடுப்பு அவசியமான குதிரைகளும் உண்டு. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிறு கடிப்பூச்சி இருக்கிறது. க்யூலிகாய்டிஸ் என்பது அதன் பெயர். விடியலிலும் அந்தியிலும் மொய்க்கும். சில குதிரைகளுக்கு அதன் கடி ஒத்துக்கொள்ளாது. பிடரியையும் வால் அடியையும் மரத்தில் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வரச் செய்துவிடும். அந்தக் குதிரைக்குக் காதிலிருந்து வால் வரை மூடுகிற மெல்லிய வலைத்துணிதான் பெரிய ஆறுதல். அது காற்றுப் புகுகிற துணி, அளவெடுத்துத் தைத்தது, கொட்டிலில் அந்த இரண்டு வேளைக்கு மட்டும் போடுவது.

இங்கிலாந்தில் இன்னொன்று செய்து பார்த்தார்கள். 2019இல் வெளிவந்த ஆய்வு அது. குதிரைகளுக்கு வரிக்குதிரையின் கோடு போட்ட உடுப்பு, முழுக் கறுப்பு, முழு வெள்ளை என்று மாற்றி மாற்றிப் போட்டு ஈக்களை எண்ணினார்கள். கோடு போட்ட துணியில் வந்து உட்கார்ந்த ஈ மிகக் குறைவு. மூடாத தலையில் மட்டும் மூன்று உடுப்புக்கும் ஒரே அளவு. பார்த்தால் கூத்துக்கு வேடம் கட்டினாற்போல் இருக்கும். ஆனால் வேலை செய்கிறது. பார்க்க ஒழுங்காக இருக்கிற தார்ப்பாய் காலை அறுக்கிறது, பார்க்க வேடிக்கையான கோட்டுத்துணி கடியிலிருந்து காப்பாற்றுகிறது.

காலுறையைப் பற்றியும் தம்பி கேட்டார். குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது என்றே சொல்லலாம். எலும்பும் தசைநாணும் தோலும்தான். குளிரைத் தாங்கவே அமைந்த கால் அது. அதற்குக் கால்சட்டை தேவையே இல்லை. சரிந்து குளம்பில் மிதிபட்டால் குதிரையும் விழும், மேலே உட்கார்ந்திருக்கிற குழந்தையும் விழும்.

தலை மூடியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. குதிரைக்குக் கண் முகத்தின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். துணி இரண்டு விரல் நகர்ந்தால் ஒரு பக்கம் இருட்டாகிவிடும். அந்தப் பக்கம் கார் ஹாரன் அடித்தால் மிரளாமல் என்ன செய்யும்? காதும் அப்படித்தான். பயமா, கோபமா, நிம்மதியா என்று குதிரை காதால்தான் சொல்கிறது. காது பின்னால் ஒட்டியிருந்தால் கிட்டே போகாதே என்று அர்த்தம். அந்தக் காதை மூடிவிட்டுக் குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திப் புகைப்படம் எடுக்கிறார்கள். பெற்றோரிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், முகம் மூடிய குதிரை மேல் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து விலை கொடுத்து வாங்கிய குதிரைகள் சரியான பராமரிப்புத் தெரியாததால் இங்கே செத்துப்போவதை எழுதி வைத்திருக்கிறார். படிக்கும்போது வலிக்கிறது. இன்றைக்கு அந்தச் சாக்கு நமக்கு இல்லை. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

அன்று காலை ராணியின் கழுத்து ஜிப்பை நானும் தம்பியும் சேர்ந்துதான் இறக்கினோம். தலை மூடி கழன்றதும் அவள் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினாள் பாருங்கள், ரோமம் மொத்தமும் எழுந்து நின்றது. காது இரண்டும் முன்னால் வந்தன. அப்புறம் தரையில் மூக்கை வைத்துப் புல் தேடினாள்.

"அப்ப இதை என்ன சார் செய்யறது? காசு போட்டு வாங்கிட்டேனே" என்றார் தம்பி.

நாயுடுபுரத்தில் எனக்குத் தெரிந்த தையல்காரரிடம் அனுப்பினேன். அவர் தலையையும் காலையும் வெட்டி எடுத்துவிட்டார். முதுகுத் துண்டுக்கு அடியில் பழைய கம்பளியை வைத்துத் தைத்து, இழுத்தால் கழன்றுவிடுகிற மாதிரி மார்பில் ஒரு பட்டை போட்டுக் கொடுத்தார். போன கார்த்திகை மழையில் பார்த்தேன், சவாரி முடிந்து வந்த ராணியைத் துடைத்து அதைத்தான் போட்டிருந்தார் தம்பி. உள்ளே கையை விட்டேன். ரோமம் கதகதப்பாக, காய்ந்து இருந்தது. முன்னால் ஒரு கட்டு வைக்கோல் கிடந்தது.

வணக்கம்.